டன் கணக்கா, மணிக்கணக்கா? மெஷின் வாளோடு தனியாகத் தொழில் பார்க்கிறவர்களுக்கு

கேள்வி – 2025 ஜனவரி 18

அண்ணே, எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி பக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு இரண்டு வருஷம் திருப்பூரில் இருந்தேன், சரிப்படவில்லை. ஒரு செகண்ட் ஹேண்ட் செயின்சா விலைக்கு வருகிறது. கரி வியாபாரி ஒருவர் கண்மாய் ஏலம் எடுத்திருக்கிறார். சீமைக்கருவேலம் அறுத்துக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று பேசுகிறார். பெட்ரோல், ஆயில், செயின் எல்லாம் என் பொறுப்பு. நாளைக்கு மூன்று டன் அசால்ட்டாக அறுக்கலாம், மாதச் சம்பளத்தைவிட மேல் என்கிறார். போகலாமா?

2025 ஜனவரி 18, இரவு

மெஷினை வாங்கு தம்பி. டன் கணக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

2025 ஜனவரி 19

நேற்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

டன்னுக்கு இவ்வளவு என்று பேசும்போது எந்த டன் என்று யாரும் கேட்பதில்லை. நீ திங்கட்கிழமை பச்சை மரத்தை அறுத்துப் போடுவாய். லாரி வியாழனோ வெள்ளியோ வரும். டிரைவர் வரவில்லை, கரி சுடுகிற மூட்டத்தில் இடமில்லை, வழியில் சேறு என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருக்கும். அதற்குள் நம் ஊர் வெயிலும் கடல் காற்றும் கட்டையில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும். சன்னக் கொப்புதான் முதலில் காயும், பருத்த கட்டை மெதுவாகக் காயும். எடைமேடையில் ஏறும்போது நீ அறுத்த எடை அங்கே இருக்காது. கூலி மட்டும் அந்தச் சீட்டில் விழுகிற எடைக்குத்தான்.

எனக்கு இது நடந்திருக்கிறது. சாயல்குடி பக்கம் ஒரு பட்டா நிலம், வாரம் பூராவும் அறுத்தேன். குவியல் பத்து நாளுக்கு மேல் கிடந்தது. கடைசியில் வந்த சீட்டைப் பார்த்தபோது, டிராக்டரில் ஏற்றிய ஆட்களே "இவ்வளவுதானா?" என்றார்கள். எடையில் யாரும் திருட்டு பண்ணவில்லை. தண்ணீர் போன எடை அது. ஆனால் அந்தத் தண்ணீரோடு சேர்த்துத்தான் என் செயின் அறுத்தது, என் பெட்ரோல் எரிந்தது.

வியாபாரி பக்கமும் நியாயம் இருக்கிறது. மண் மூட்டத்தில் நாலு டன் விறகு போட்டால் ஒரு டன் கரி வருவதே பெரிசு. ஈரக் கட்டை என்றால் அதுவும் குறையும். தண்ணீருக்குக் காசு கொடுக்க அவருக்கு மனசு வராது. அவர் கரிக்கு விறகு வாங்குகிறார், நாம் வேலையை விற்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் நஷ்டம் நமக்கு.

அதனால்தான் மணிக்கணக்கு. மெஷின் ஓடுகிற மணிக்கு இவ்வளவு, பெட்ரோல் அவர்கள் வாங்கித் தரவேண்டும், அல்லது அதையும் சேர்த்து ரேட்.

2025 ஜனவரி 19, மறுபடியும்

மூன்று டன் அசால்ட்டு என்பது பற்றி.

அறுப்பது மட்டும் வேலை இல்லை. சீமைக்கருவேலம் ஒரே தண்டாக நிற்கிற மரமா? அடியிலேயே நாலைந்தாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். முதலில் அரிவாளால் மிளாறைக் கழித்து, தூருக்குப் போக வழி எடுத்து, அப்புறம்தான் மெஷினைத் தொட முடியும். கூட ஒரு ஆள் கவைக்கம்போடு நின்று முள்ளை இழுத்துப் போடவேண்டும். அந்த ஆளின் கூலி யார் தலையில்? டன் ரேட்டில் அது உன் தலையில்தான் விழும். இதைக் கேட்டுக்கொண்டாயா?

முள்ளைப் பற்றியும் சொல்லவேண்டும். செருப்பைத் துளைத்து ஏறும். டிராக்டர் டயரே பஞ்சர் ஆகும். உள்ளே முறிந்த முனையை அன்றைக்கே எடுக்காவிட்டால் வீங்கி, இரண்டு நாள் காலை ஊன்ற முடியாது. மூட்டில் குத்தினால் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. முழங்கால் மூட்டில் முனை தங்கிப்போய் ஆபரேஷன் வரைக்கும் போனவரை எனக்குத் தெரியும்.

2025 ஜனவரி 23

செகண்ட் ஹேண்ட் மெஷினை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். என்ன கம்பெனி, என்ன மாடல் என்பதைவிட முக்கியம், அது எங்கே ஓடியது என்பது. கொடைக்கானல் பக்கம் ஓடிய மெஷினும் மண்டபம் பக்கம் ஓடிய மெஷினும் ஒரே வயசாக இருந்தாலும் ஒன்றில்லை. மேல்மூடியைக் கழற்றிப் பார். அலுமினியப் பாகத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் உப்புக்காற்றில் கிடந்தது என்று அர்த்தம். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் ஓரம் தெரியும். அதில் நெடுக்காகக் கீறல் இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. ஆயில் கலக்காமலோ குறைத்துக் கலந்தோ ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கீறலுக்கு வைத்தியம் கிடையாது, சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றவேண்டும்.

செயின் பிரேக்கைப் பார். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற தடுப்பைத் தள்ளினால் 'டக்'கென்று செயின் நிற்கவேண்டும். நம் பக்கம் பாதி மெஷினில் அது செத்துப்போயிருக்கும், அல்லது இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். பிரேக் இல்லாத மெஷின் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

45 சிசி, 16 அல்லது 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளப் பட்டை) உனக்குப் போதும். பெரிய மெஷினைப் பார்த்து ஆசைப்படாதே. 70 சிசிக்கு மேல் உள்ளது புளி, வாகை மாதிரிப் பருத்த மரத்துக்கு. முள்ளுக்காட்டில் குனிந்தபடி நாள் பூராவும் அதைப் பிடித்தால் இடுப்பு போய்விடும்.

2025 ஜனவரி 24

ஃபிட்டர் படித்த தம்பிக்கு இது எளிதில் வரும், அதனால் விவரமாக எழுதுகிறேன். இந்தத் தொழிலில் காசு இருக்கிற இடம் அரம்தான்.

செயின் கூராக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கீழே விழுகிறதைப் பார். கூரான செயின் சீவலாகத் தள்ளும், நகத்தளவு செதில் செதிலாக வரும். மழுங்கிய செயின் மாவாகத் தள்ளும். மாவு வந்தால் அந்த நிமிஷமே மெஷினை அணை. அழுத்தி அறுக்க ஆரம்பித்தால் பார் சூடாகும், செயின் நீளும், கட்டையிலிருந்து புகை வாசம் வரும், பெட்ரோல் வீணாகும். தானாக இறங்கவேண்டியதை நீ அமுக்கி இறக்கினால் தோள் வலிக்கும். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தால் ஒருமுறை அரம் போடு. இதை வழக்கமாக்கிக்கொள்.

பாயிண்ட் 325 செயினுக்கு (இது செயினின் கண்ணி அளவு, இஞ்சில்) 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். முழு அளவு மூன்று பை எட்டு செயினுக்கு 5.2. சின்ன மெஷினில் வருகிற மெல்லிய செயினுக்கு 4. சாய்வு 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே ஒரே தள்ளு, திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு வளைந்து போகும், பார் கட்டையில் மாட்டிக்கொள்ளும். பல்லுக்கு முன்னால் இருக்கிற மேடு, அது பல் உச்சியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். அதைத் தட்டை அரத்தால் ஒன்று இரண்டு தடவை தேய்த்தால் போதும். வேகமாக இறங்கட்டும் என்று அதை நிறையத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மெஷின் கையில் நிற்காது, எகிறும்.

காய்ந்து வைரம் பாய்ந்த கருவேலத்துக்கு 30 டிகிரி முனை சீக்கிரம் போய்விடும். நான் அதற்குச் சாய்வைக் கொஞ்சம் குறைத்து வைப்பேன். பச்சைக்கு 30 சரி.

2025 பிப்ரவரி 2

மணிக்கணக்கு பற்றி மறுபடி யோசித்தேன். ஜனவரியில் எழுதியது கண்மாய்க்கும் பட்டா முள்ளுக்காட்டுக்கும் பொருந்தும். உச்சிப்புளி, இருமேனி பக்கம் தென்னந்தோப்பு என்றால் அது ஒத்துவராது. தோப்புக்காரர் கட்டில் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அரம் போட உட்கார்ந்தால் முகம் மாறும். அவர் முகத்துக்குப் பயந்து மழுங்கிய செயினோடு ஓட்ட ஆரம்பிப்போம். அங்கே மரத்துக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. சாய்ப்பதற்கு ஒன்று, துண்டு போடுவதற்குத் தனியாக ஒன்று. வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கிற மரத்துக்கு ரேட்டே வேறு. அதற்குக் கயிறு கட்ட மேலே ஏறுகிறவருக்கும் பங்கு உண்டு.

தென்னைக்கு வெளியே தோல் மாதிரி இருக்கிற பாகம்தான் கடினம், நடுவில் சோறு. செயின் வெளிப்பக்கத்தில் மழுங்கி, நடுவில் வழுக்கிக்கொண்டு போகும். நாரெல்லாம் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டுகிற பல்சக்கரம்) மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு மரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிச் சுத்தம் பண்ணு.

தோப்புக்காரர்களுக்கும் ஒன்று. சாய்த்த தண்டைத் தோப்பிலேயே மக்கட்டும் என்று போட்டுவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும். நிற்கிற மரத்தின் குருத்தை அந்த வண்டுதான் வந்து துளைக்கும்.

2025 பிப்ரவரி 3

கைலி.

கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்காதே. மடித்துக் கட்டினாலும் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஓரத்தைச் செயின் ஒரு கணத்தில் பிடித்துவிடும், துணியோடு காலும் போகும். வெளிநாட்டில் மரம் அறுக்கிறவர்கள் போடுகிற கால்சட்டையில் உள்ளே நீள நீளமான இழைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். செயின் பட்டால் அந்த இழைகள் வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். காசு கூடத்தான். முன்பக்கம் மட்டும் மறைக்கிற மாதிரி கட்டிக்கொள்வதும் கிடைக்கிறது, வெயிலுக்கு அது தாங்கும். முதல் மாதக் காசில் அதை வாங்கு. அதுவரை தடித்த ஜீன்ஸ், பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி.

காதும் முக்கியம். இந்த மெஷின் சத்தம் நூறு டெசிபலுக்கு மேல். தொழிலில் எனக்கு மூத்தவர் ஒருவரை நான் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன், கீழக்கரைக்காரர். இப்போது பேரன் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை, தோளைத் தொடவேண்டும்.

2025 பிப்ரவரி 17

தம்பியிடமிருந்து செய்தி வந்தது. மெஷின் வாங்கியாச்சு, பிரேக் வேலை செய்கிறது. சந்தோஷம். கரிக்காரர் மணிக்கணக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். "இந்த ஊரில் யாரும் அப்படிக் கொடுப்பதில்லை" என்கிறாராம்.

சரி. அப்படியென்றால் டன்னுக்கே போ, ஆனால் இப்படிப் பேசு. அறுத்த அன்று மாலையோ மறுநாள் காலையோ ஏற்றினால் இந்த ரேட். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் கிடந்தால் ரேட் ஏறும். அவருக்குக் காய்ந்த விறகு வேண்டுமென்றால் காயட்டும், நல்லது, ஆனால் காய்ந்த டன்னுக்கு விலை வேறு. இதைச் சொன்னால் புரிந்துகொள்வார், இவர்களுக்கு ஈரக்கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் டிராக்டர் லோடு கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், அடுக்கும் உயரம் மூன்றையும் முன்கூட்டியே பேசிவிட்டால் வெயிலால் அதைக் குறைக்க முடியாது.

எடைச்சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள். வெறும் வண்டியின் எடையும் அதில் இருக்கவேண்டும்.

2025 மார்ச் 9

வேறொருவர் கேட்கிறார்: சீமைக்கருவேலத்தை அரசாங்கமே ஒழிக்கப்போகிறது, ஐந்து வருஷத்தில் இந்தத் தொழில் என்ன ஆகும்?

இந்தப் பேச்சை நான் 2017லேயே கேட்டுவிட்டேன். அந்த வருஷம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, எங்கே பார்த்தாலும் மெஷின் சத்தம். மெஷினைத் தொடாதவர்கள்கூட வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். வேலை நிறைய, விறகும் நிறைய, அதனால் எங்கள் பக்கம் விலை சரிந்தது. சில மாதத்தில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது, வேலை அப்படியே நின்றது. அன்றைக்கு வெட்டிய கண்மாய்க் கரைகளை இப்போது போய்ப் பார்த்தால், வெட்டியதற்கு முன்னால் இருந்ததைவிட அடர்த்தியாக நிற்கிறது.

காரணம் எளிது. தூரை விட்டுவிட்டு மேலே அறுத்தால் அந்த மரம் சாகாது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தளிர் வரும். காயைத் தின்ற ஆடுமாடு போகிற இடமெல்லாம் விதை விழும், சாணத்தில் விழுந்த விதை நன்றாகவே முளைக்கும். நிலத்தை விவசாயத்துக்குத் திருப்பவேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: எனக்குக் கொடுக்கிற காசு விறகுக்கு மட்டும்தான், நிலம் வேண்டுமென்றால் தூரை ஜேசிபி வைத்துப் பிடுங்கவேண்டும், முளைக்கிறதை இரண்டு மூன்று மழைக்குத் தொடர்ந்து பிடுங்கவேண்டும். இதனால் வேலை கைவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் சொல்லாமல் அறுத்துக் கொடுத்துவிட்டு மறுவருஷம் அந்த ஊர் வழியாகப் போக எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பிடுங்கிய தூரில் வருகிற கரிக்கு விலை கூட. ஆசைப்பட்டுத் தூரை மெஷினால் அறுக்காதே. வேருக்குள் மண்ணும் சிறு கல்லும் புதைந்திருக்கும், ஒரே தூரில் புதுச் செயின் பாழாகும். அது கோடாலிக்கும் ஆப்புக்கும் உள்ள வேலை.

2025 மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், மரத்தை வெறுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். இல்லை. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். மூட்டம் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இது மெக்சிகோ பக்கத்து மரம், 1870களில் இந்தியாவுக்குள் வந்தது. நம் ஊரில் வேலிக்கும் விறகுக்கும் என்று விதைத்தவர்கள் நல்லது நினைத்துத்தான் விதைத்தார்கள். கண்மாய்க்குள்ளும் வரத்துக் கால்வாய்க்குள்ளும் அது நிற்கக்கூடாது, அங்கே தண்ணீர் வரவேண்டும். தண்ணீர் வராத மேட்டுக் கரம்பில் நின்றால் எனக்கு அதன்மேல் கோபம் இல்லை.

2025 ஏப்ரல் 6

எந்த மரத்தை அறுக்க மாட்டாய் என்று கேட்டால், எனக்கு இரண்டு உண்டு.

ஒன்று பனை. 2021 வேளாண் பட்ஜெட்டிலிருந்து பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. சூளைக்கு என்று கூப்பிடுகிறவர்கள் "பட்டா நிலம், என் மரம்" என்பார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மாட்டினால் மெஷினும் வண்டியும் போகும், அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். சட்டத்தை விட்டாலும், சாயல்குடிக் கருப்பட்டிக்காகக் காத்திருக்கிற வீடுகளைப் பார்த்துவிட்டு நிற்கிற பனையில் செயினை வைக்க எனக்குக் கை வராது. இடி விழுந்து தலை கருகிய பனை வேறு விஷயம். அதற்கும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் வெட்டவேண்டும்.

இரண்டாவது அலையாத்தி. காரங்காடு, தொண்டிக் கடற்கரைப் பக்கம் வலை காயப்போடக் கம்பு, வள்ளத்துக்குக் குச்சி என்று யாராவது கேட்பார்கள். அங்கே இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்த வேர்களுக்குள்தான். கேட்கிறவருக்கே நாளைக்கு வலையில் விழவேண்டியது அங்கேதான் இருக்கிறது.

2025 ஏப்ரல் 7

பழைய படகு அறுக்கக் கூப்பிட்டால் போகலாமா என்று பாம்பன் பக்கத்திலிருந்து ஒருவர். போகலாம், தூக்கிப்போட இருக்கிற செயினோடு. பலகைக்குப் பலகை ஆணி. மேலே பூசிய தாருக்குள் அது தெரியாது. கண்ணாடி கட்டாயம், ஆணியில் பட்டால் பல் முறிந்து தெறிக்கும். ரேட் பேசும்போது ஒரு செயின் விலையையும் சேர்த்துப் பேசிவிடு.

வீட்டு வாசல் வேம்பு, கடைத்தெருப் புங்கை இவற்றிலும் ஆணி இருக்கும். போர்டு மாட்டியது, கொடி கட்டியது, ஊஞ்சலுக்கு அடித்த கொக்கி. மரம் வளர்ந்து அதை விழுங்கியிருக்கும். பட்டையில் வட்டமாகக் கறுத்த கறை தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து அரையடி மேலேயோ கீழேயோ வை.

2025 மே 30

கச்சான் (தென்மேற்குக் காற்று) வலுத்துவிட்டது. இந்த மாதங்களில் ஓரமாக நிற்கிற மரத்தைச் சாய்ப்பதற்கு முன் காற்றைப் பார்.

சாயவேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுக்கவேண்டும், தடிமனில் கால் பங்கு ஆழம். பிறகு எதிர்ப்பக்கம், அந்த வாயின் அடிமட்டத்துக்கு விரல்கடை மேலே, பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் நிற்கவேண்டும். மரத்தைத் திசை மாறாமல் இறக்குவது அந்த ஒட்டுதான். அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். பின்வெட்டு போடும்போதே நீ ஓடவேண்டிய வழியைப் பார்த்துக்கொள். நேர் பின்னால் வேண்டாம், பின்பக்கம் சாய்வாக.

பாரின் மூக்கு, அதுவும் மேல் பாதி, எதிலும் படக்கூடாது. பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். முள்ளுக்காட்டில் உள்ளே மறைந்த கொப்பில் மூக்கு படுவதுதான் அதிகம் நடக்கிறது. இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி இருக்கவேண்டும். மேலே சும்மா வைத்துப் பிடிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

2025 ஜூன் 1

விழுந்து கிடக்கிற மரம் நிற்கிற மரத்தைவிட மோசம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் நாங்கள் சில பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் போனோம். தோப்புத் தோப்பாகத் தென்னை ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. வேரோடு சாய்ந்த மரத்தின் தூர் வட்டமாக மண்ணோடு எழும்பி நிற்கும். தண்டை அறுத்துவிட்டதும் பாரம் போன அந்தத் தூர், வந்த குழிக்குள்ளேயே 'தொம்'மென்று திரும்பி உட்காரும். குழிக்குள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அங்கே முதல் நாளே ஒரு பெரியவர் கம்போடு வந்து குழிக்குக் குழி பார்த்துவிட்டுத்தான் எங்களை அறுக்கவிட்டார். அந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அவரால்தான்.

வளைந்து கிடக்கிற தண்டில் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டும் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டும் இருக்கும். நெருக்கும் பக்கம் முதலில் கொஞ்சம் அறு. அப்புறம் இழுக்கும் பக்கத்திலிருந்து மெதுவாக முடி. மாற்றிச் செய்தால் ஒன்று பார் மாட்டும், அல்லது தண்டு பிளந்து அடிக்கும். எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இரு, கண்ணுக்குப் பிடிபடும்.

அங்கே நாங்கள் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் மட்டும்தான் வாங்கினோம். கூலி வாங்க மனசு வரவில்லை.

2025 ஜூலை 13

ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்கவில்லை என்று வரிசையாக நாலு பேர். எல்லோருக்கும் ஒரே பதில்தான். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கை ஸ்க்ரூ வைத்துத் திருப்புகிற கார்புரேட்டர் உள்ள மெஷின்களுக்குக் கம்பெனிக்காரர்கள் சொல்கிற வரம்பு 10 சதவீதம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம். வாரக்கணக்கில் கேனில் கிடந்தால் தண்ணீர் அடியில் பிரிந்துவிடும், கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் தகடு விறைத்துப்போகும்.

வழி இருக்கிறது. இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் கலக்கு. நல்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. என்ன ஆயில் என்று தெரியாமல் பங்கில் ஊற்றிக் கொடுப்பது என்றால் 40. வேலை இல்லாத வாரம் டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடு. செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றாதே. அதில் இரும்புத் தூள் இருக்கிறது, ஆயில் பம்பைத் தின்றுவிடும். நாள் பூராவும் அது உன் கையிலும் சட்டையிலும் தெறித்துக்கொண்டே இருக்கும்.

2025 ஜூலை 14

கை மரத்துப்போவது பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். ராத்திரி தூக்கத்தில் விரல்நுனி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால், காலையில் சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமாக இருந்தால், அது மெஷின் அதிர்வு நரம்பைப் பிடித்திருக்கிறது. குளிர் நாட்டில் விரல் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். நம் வெயிலில் வெளுப்பு தெரியாது, அதனால் சாதாரணக் களைப்பு என்று விட்டுவிடுவோம். மெஷினில் அதிர்வு தாங்கும் ரப்பர் பிய்ந்திருந்தால் உடனே மாற்று. மழுங்கிய செயின் அதிர்வை இன்னும் கூட்டும். கைப்பிடியை நெரித்துப் பிடிக்காமல் பிடிக்கப் பழகு. விட்டு விட்டு வேலை செய். டன் கணக்கில் போகிறவன் விட்டு விட்டு வேலை செய்ய மாட்டான், எனக்கு அதன்மேல் இருக்கிற பெரிய வருத்தமே இதுதான். ஜனவரியில் தண்ணீர்க் கணக்கை மட்டும் சொன்னேன், இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது படுகிறது.

2025 ஆகஸ்ட் 24

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். கரிக்காரர் மறுநாள் ஏற்றுகிற பேச்சுக்கு ஒத்துக்கொண்டு, இரண்டு குவியலுக்கு அப்படியே நடந்தாராம். மூன்றாவது குவியல் ஆறு நாளாகக் கிடக்கிறதாம். "இப்போது என்ன பண்ண?"

நாலாவது குவியலை ஆரம்பிக்காதே. மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி வை. சண்டை போட வேண்டாம், "ஏற்றிவிட்டுக் கூப்பிடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல். வாடைமழைக்கு முன்னால் கண்மாயை முடிக்கவேண்டிய அவசரம் அவருக்குத்தான். போன நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை அவரும் பார்த்திருப்பார். தண்ணீர் ஏறிவிட்டால் தை பிறந்து வற்றும்வரை உள்ளே யாரும் கால் வைக்க முடியாது, ஏலக்காசு முடங்கிவிடும்.

அவர் ஏற்றும்வரைக்கும் வேறு வேலை வேண்டுமென்றால் சொல், ரெகுநாதபுரம் பக்கம் ஒரு தோப்பில் பட்டுப்போன தென்னைகள் நிற்கின்றன. மரக்கணக்கு, துண்டு போடுவது தனி. கயிறு ஆள் அவர்களிடமே இருக்கிறார்.